சுக்கிர மேட்டுக்கு வேறு பெயர் என்ன?



மேலே படிக்குமுன் ஒரு சிறு வேலை. உங்கள் இடக்கையை மேசைமீது மல்லாத்தி வையுங்கள். மேசை இல்லையென்றால் தொடைமீது வைத்துக்கொண்டாலும் சரிதான். இப்போது பெருவிரலை மட்டும் நகர்த்தி, அதன் நுனியால் சுண்டுவிரலின் நுனியைத் தொடுங்கள். பெருவிரலுக்கு அடியில், உள்ளங்கையின் ஓரத்தில், சதைப்பற்றான ஒரு மேடு திரண்டு எழுகிறதல்லவா? வலக்கை விரலால் அதை அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருக்கும்.

அந்த மேட்டின் பெயர் என்ன?

தெரியாவிட்டால் வெட்கப்பட வேண்டாம். கல்லூரியில் பல ஆண்டுகளாகப் பௌதிகம் கற்பித்துவரும் எனக்கும் சில காலத்துக்கு முன்புவரை தெரியாது. எனக்கு அதைக் கற்றுக் கொடுத்தவர் திருவொற்றியூரில் தகடு வெட்டும் பட்டறை ஒன்றில் வேலை செய்யும் தொழிலாளி ஒருவர்.

அவருடைய மகன் என் மாணவன். ஒருநாள் வகுப்பு முடிந்ததும் ஒரு காகிதத்தை நீட்டினான். "சார், தீனார் என்றால் எந்த இடம்?" என்று கேட்டான். அப்பாவின் உள்ளங்கையைத் தகடு கிழித்துவிட்டதாம். தையல் போட்டு ஆறியும்விட்டது. பெருவிரலை இப்படி மடக்கு, அப்படி நீட்டு என்று நாள்தோறும் செய்யவேண்டிய பயிற்சிகளைச் சொல்லி மருத்துவர் அனுப்பியிருக்கிறார். அப்பா பத்து நாள் செய்துவிட்டு நிறுத்திவிட்டார். பையன் பிளஸ் டூவில் உயிரியலில் நல்ல மதிப்பெண் வாங்கியவன். ஆனாலும் காகிதத்தில் இருந்த அந்தச் சொல் உடம்பில் எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை. நூலகத்துக்குப் போய் உடற்கூற்றியல் புத்தகத்தைப் புரட்டினோம்.

தீனார் என்பது கிரேக்கச் சொல். பொருள் மிக எளிது: உள்ளங்கை. மருத்துவர்கள் அதைப் பெருவிரலின் அடியிலுள்ள மேட்டுக்கு ஒதுக்கிக்கொண்டார்கள். எதிர்ப்பக்கம், சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள மேடு ஹைபோதீனார். ஹைபோ என்றால் கீழே. அவ்வளவுதான் சங்கதி. ஆனால் அந்த மேட்டுக்குள் இருப்பது முக்கியம். பெருவிரலை மற்ற விரல்களுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தும் சிறு தசைகள் பெருவிரலில் இல்லை. அந்த மேட்டில்தான் இருக்கின்றன. அவற்றுக்குக் கட்டளை கொண்டுவருவது, நடு நரம்பு எனப்படும் பெரிய நரம்பிலிருந்து உள்ளங்கையில் பிரியும் ஒரு சிறு கிளை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஏன் பயிற்சியை நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். "வெட்டு உள்ளங்கையிலதானே சார்? பெருவிரலுக்கு ஒண்ணும் ஆவல. அதுக்கு எதுக்கு கசரத்து?" என்றார். குற்றம் சொல்ல முடியாத தர்க்கம். அடிபடாத விரலுக்கு எதற்குப் பயிற்சி? அவருடைய நல்ல கையை மல்லாத்தி, மேலே உங்களைச் செய்யச் சொன்னதையே அவரையும் செய்யச் சொன்னேன். மேடு எழுந்தது. அவர் முகம் மலர்ந்தது. "அட, சுக்கிர மேடு! பாரீஸ் கார்னர்ல ஒரு கைரேகைக்காரன் சொன்னான். இங்கதான் சதை இருக்குன்னு முதல்லயே சொல்லக்கூடாதா சார்?" என்றார்.

அன்றிரவு பேருந்தில் திரும்பும்போது இந்தக் கட்டுரை மனத்தில் உருவாகிவிட்டது.

கைரேகை சோதிடத்தில் எனக்கு எள்ளளவும் நம்பிக்கை இல்லை. உள்ளங்கைக் கோடுகள், குழந்தை தாய் வயிற்றில் இருக்கும் தொடக்க மாதங்களிலேயே விழுந்துவிடும் தோல் மடிப்புகள். கை மடங்கத் தோல் இடம் கொடுக்க வேண்டும்; அதற்கு மேல் அவற்றில் எழுத்து ஒன்றும் இல்லை. சுக்கிரன் என்ற கோளுக்கும் பெருவிரல் தசைக்கும் உறவும் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் அந்தக் கைரேகைக்காரர் நம்மை முந்திவிட்டார். ஆளின் கையைப் பிடித்து, இடத்தைத் தொட்டுக் காட்டி, பிறகு பெயரைச் சொன்னார். பெருவிரல் பக்கம் சுக்கிர மேடு, எதிர்ப்பக்கம் சந்திர மேடு. பொய்ச் சரக்குத்தான். ஆனாலும் கேட்டவர் இருபது வருஷமாக மறக்கவில்லை. நாமோ மெய்ச் சரக்கை வைத்துக்கொண்டு, பெயரை மட்டும் கரும்பலகையில் எழுதிப்போட்டு, கையைக் காட்டாமல் விட்டுவிடுகிறோம். இது ஆசிரியர்களான எங்கள் குறை என்றே கருதுகிறேன்.

உள்ளங்கையிலிருந்து பிறந்த சொற்கள் அறிவியலில் ஒன்றிரண்டல்ல. இலத்தீன் மொழியில் உள்ளங்கைக்குப் பால்மா என்று பெயர். அதே சொல் பனை, ஈச்சை வகை மரங்களுக்கும் பெயர். விரித்த கைபோல ஓலை இருப்பதால் மரத்துக்கு இந்தப் பெயர் வந்தது என்று அகராதிகள் கூறுகின்றன. ஆங்கிலத்தில் பாம் என்று சொன்னால் கையா மரமா என்று இடம் பார்த்துத்தான் பொருள் கொள்ள வேண்டியிருப்பது இதனால்தான். 16-ஆம் நூற்றாண்டில் நம் கரைக்கு வந்த போர்த்துக்கீசியர் தங்கள் மொழியில் பால்மெய்ரா என்றார்கள். ஆங்கிலேயர் அதைப் பால்மைரா ஆக்கிப் பனைமரத்துக்கு வைத்துக்கொண்டார்கள். ராயபுரத்தில் பனைமரத் தொட்டி என்றோர் இடம் இருக்கிறதே, தெரியுமல்லவா? தொட்டி என்றால் தண்ணீர்த் தொட்டி அல்ல. விறகுத் தொட்டி என்று சொல்கிறோமே, அந்தத் தொட்டி. மரம் அடுக்கி விற்கும் இடம். அந்தப் பெயர்ப் பலகையை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கப் புகுந்தால் நடுவில் ஓர் உள்ளங்கை வந்து உட்கார்ந்துகொள்ளும்!

எண்ணூர்க் கழிமுகத்துப் பக்கம் போயிருப்பவர்கள், கலங்கிய நீரில் இறங்கிக் கையாலேயே துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்களைப் பார்த்திருக்கக்கூடும். இரண்டு கையும் சேற்றுக்குள் இருப்பதால் கூடையைப் பல்லால் கவ்விக்கொண்டிருப்பார்கள். ஓலையில் முடைந்த கூடை. இலத்தீன்காரரின் இரண்டு பால்மாவும் அங்கே ஒரே ஆளிடம் இருக்கின்றன, ஒன்று நீருக்குள், ஒன்று நீருக்கு மேலே.

ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ் 1753-இல் தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் வைத்தபோது, பனைக்கு பொராசஸ் ஃபிளாபெல்லிஃபர் என்று பெயரிட்டார். பின்பாதிக்கு விசிறி தாங்கி என்று பொருள். நம் பாட்டிமார் அவரைக் கேளாமலே ஓலையை வெட்டி விசிறியாக்கியிருந்தார்கள் என்பது வேறு விஷயம். இங்கே பௌதிகக்காரனான எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்க முடியவில்லை. பனையோலை தட்டையாக இல்லை. மடிப்பு மடிப்பாக இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? ஒரு தாளை இரண்டு புத்தகங்களுக்கு இடையே பாலமாக வைத்து நடுவில் ஒரு ரூபாய்க் காசை வையுங்கள், தொய்ந்து விழும். அதே தாளை விசிறிபோல மடித்து வையுங்கள். பல காசுகளைத் தாங்கும். உங்கள் தெருவில் கூரைக்குப் போடும் அலைத் தகடு ஏன் அலை அலையாக இருக்கிறது என்பதற்கும் விடை இதுவே. கடற்காற்றில் அவ்வளவு அகலமான ஓலை மடங்கித் தொங்காமல் நிற்பதற்கு மடிப்புகள்தாம் காரணம். அந்த மடிப்புகள் அனைத்தும் மட்டையின் முனையில் வந்து கூடுகின்றன, விரல்கள் உள்ளங்கையில் வந்து கூடுவதுபோல.

சரி, பாடப்புத்தகத்துக்கு வருவோம். ஒரே இடத்திலிருந்து விரல்போலப் பிரியும் இலை அமைப்பைத் தாவரவியலார் பால்மேட் என்றார்கள். தமிழ்வழிப் பாடநூலில் அது அங்கை வடிவம். அங்கை வடிவக் கூட்டிலை, அங்கை வடிவ நரம்பமைவு என்றெல்லாம் படித்திருப்பீர்கள், அல்லது படிக்கப் போகிறீர்கள். எவ்வளவு அழகான சொல்! ஆனால் என் வகுப்பில் ஒருமுறை அங்கை என்றால் என்ன என்று கேட்டேன். தமிழ்வழியில் படித்து வந்தவர்களே விழித்தார்கள். ஒருவர் அது 'அங்கே' என்பதன் அச்சுப்பிழையா என்று கேட்டார். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஏனென்றால் அதே மாணவர்கள் தமிழ் இலக்கணத்தில் அகம் + கை = அங்கை என்று எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள். அகம் என்றால் உள். அங்கை என்றால் உள்ளங்கை. அகம் + செவி = அஞ்செவி என்பதும் அதே வகை. இதற்கென்றே நன்னூலில் விதி இருக்கிறது. தமிழ் வகுப்பில் ஓர் அங்கை; மணி அடித்ததும் உயிரியல் வகுப்பில் ஓர் அங்கை. இரண்டும் ஒன்றுதான், இதோ உன் மணிக்கட்டின் முனையில் இருக்கிறது என்று யாருமே சொல்லவில்லை. பால்மேட் என்று உருப்போட்டவருக்கும் அங்கை வடிவம் என்று உருப்போட்டவருக்கும் அப்புறம் என்ன வேறுபாடு? தமிழில் கலைச்சொல் ஆக்கிவிட்டால் அறிவியல் தமிழாகிவிடும் என்று நம்பும் நண்பர்களோடு இந்த இடத்தில் எனக்கு மனவேற்றுமை உண்டு. சொல்லை ஆக்கியவர் பாதி வேலை செய்தார். அதைத் திறந்து காட்டுவது மீதிப் பாதி. அது இன்னும் நடக்கவில்லை.

திறந்து காட்டத் தோட்டக்கலைப் பூங்கா எதுவும் வேண்டாம். தண்டவாள ஓரத்துக் குப்பைமேட்டில் ஆமணக்கு நிற்கும். அதன் இலையைப் பறித்து உங்கள் கைமேல் வைத்துப் பாருங்கள். ஐரோப்பாவில் ஆமணக்குக்குப் பழைய இலத்தீன் பெயர் ஒன்று உண்டு: பால்மா கிறிஸ்தி, கிறிஸ்துவின் உள்ளங்கை. கொல்லையில் பப்பாளி இருந்தால் இன்னும் பெரிய கை. ஆனால் இவை இரண்டிலும் இலை ஒன்றுதான். விளிம்பு மட்டும் வெட்டுப்பட்டிருக்கிறது. நொச்சியைப் பாருங்கள். அங்கே மூன்றோ ஐந்தோ தனித்தனிச் சிற்றிலைகள் ஒரே புள்ளியில் சேர்ந்திருக்கும். அதுவே உண்மையான அங்கை வடிவக் கூட்டிலை. இலவ மரமும் அப்படியே. கடலோரத் தெருக்களில் ஏராளமாக நிற்கும் பூவரசின் இலை இதய வடிவம். ஆனாலும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால், காம்பு சேரும் இடத்திலிருந்து நரம்புகள் விரல்போல விரிவது தெரியும். கை இலையின் உருவத்தில் இல்லை, நரம்பில் ஒளிந்திருக்கிறது.

இப்போது ஓர் எச்சரிக்கை. சொல்லின் பிறப்பைத் தெரிந்துகொண்டவுடன் எல்லாவற்றையும் அதைக்கொண்டே விளக்கும் ஆசை வந்துவிடும். அது ஆபத்து. தென்னையும் பால்மே குடும்பம்தான். (அந்தக் குடும்பத்துக்கு இன்று அரிகேசியே என்றும் பெயர், இரண்டையும் ஏற்கிறார்கள்.) ஆனால் தென்னையின் மட்டையில் கை எங்கே இருக்கிறது? நடு ஈர்க்கின் இருபுறமும் வரிசையாகக் கீற்றுகள். அது பறவையின் இறகு வடிவம். நியாயவிலைக் கடையில் வாங்கும் பாமாயில் தரும் எண்ணெய்ப் பனையும் அப்படித்தான். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து உலகெங்கும் போன அம்மரத்தின் பெயரில் உள்ளங்கை உண்டு, மட்டையில் இல்லை. பேரீச்சையும் இறகு வடிவமே. அதன் இரட்டைப் பெயரின் பின்பாதியான டாக்டிலிஃபெரா, விரல் தாங்கி என்று பொருள்படும். டாக்டிலோஸ் என்றால் கிரேக்கத்தில் விரல். டெரோடாக்டைல் என்ற பழங்காலப் பறக்கும் ஊர்வனவின் பெயரில் இருப்பதும் அதே விரல்தான். பேரீச்சையில் விரலாவது பழம், ஓலை அல்ல.

இதைவிட மோசமான பொறி ஒன்று உண்டு. மணிக்கட்டு எலும்புகளுக்குக் கார்ப்பல் என்று பெயர். பூவின் சூலக இலைக்குக் கார்ப்பெல் என்று பெயர். தமிழில் எழுதினால் ஓர் ஒற்றைக்கொம்புதான் வேறுபாடு! இரண்டும் கிரேக்கத்துக் கார்ப்போஸ் என்ற சொல்லிலிருந்து வந்தவை. எனவே கைக்கும் பூவுக்கும் ஏதோ உறவு என்று தோன்றுமல்லவா? இல்லை. கிரேக்கத்தில் கார்ப்போஸ் இரண்டு: ஒன்று மணிக்கட்டு, இன்னொன்று கனி. ஒலி ஒன்று, சொல் இரண்டு. நம் 'திங்கள்' நிலவையும் மாதத்தையும் குறிப்பது உறவு. 'ஆறு' நதியையும் எண்ணையும் குறிப்பது தற்செயல். ஒலி ஒத்திருப்பதை வைத்து உலக மொழிகள் அனைத்தையும் ஒரே நாளில் உறவாக்கும் மேடைப் பேச்சாளர்களைக் கேட்கும்போது இந்தக் கார்ப்போஸை நினைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கைக்கே திரும்புவோம். புறங்கைத் தோலைக் கிள்ளித் தூக்குங்கள், எளிதாக வரும். உள்ளங்கை நடுவில் அப்படித் தூக்க முயலுங்கள், வராது. அங்கே தோலுக்கு அடியில் கான்வாஸ் துணிபோன்ற உறுதியான படலம் ஒன்று விரிந்திருக்கிறது. தோல் அதனோடு சிறு நார்களால் பிணைக்கப்பட்டிருக்கிறது. துறைமுகத்தில் வடக்கயிறு இழுப்பவரின் உள்ளங்கைத் தோல் வழுக்கிக்கொண்டு போகாமல் இருப்பதற்கு இந்த ஏற்பாடே காரணம். ஆங்கிலப் புத்தகத்தில் அதன் பெயரும் பால்மாவிலிருந்துதான் தொடங்குகிறது: பால்மர் அப்போநியூரோசிஸ்.

அந்தப் படலத்தோடு வந்து சேரும் ஒரு தசையும் உண்டு, பால்மாரிஸ் லாங்கஸ். பெருவிரல் நுனியையும் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்துப் பிடித்து, மணிக்கட்டைச் சற்றே உட்புறம் மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவே கயிறுபோல ஒன்று புடைக்கும். சிலருக்குப் புடைக்காது; ஒரு கையில் இருந்து மறு கையில் இல்லாமலும் போகும். பதறவேண்டாம். உலகில் ஏறத்தாழ 15 சதவீதம் பேருக்கு அது இல்லை என்று பாடநூல்கள் கூறும். மக்கள் கூட்டத்துக்கு மக்கள் கூட்டம் இந்த அளவு மிகவும் மாறும். இல்லாததால் பிடி தளர்வதில்லை. அதனால்தான் வேறிடத்தில் தசைநாண் அறுந்துபோனவர்களுக்கு அறுவை மருத்துவர்கள் இதை எடுத்து ஒட்டுப் போடுகிறார்கள்.

இந்தக் கயிற்றை நம்மவர் நரம்பு என்பார்கள். ரத்தக் குழாயும் நரம்பு, உணர்ச்சியைக் கொண்டுசெல்வதும் நரம்பு, தசைநாணும் நரம்பு, இலையில் ஓடுவதும் நரம்பு! நரம்பில் அடிபட்டிருக்கிறது என்று மருத்துவர் சொன்னபோது என் திருவொற்றியூர் நண்பர், ரத்தம் நின்றுவிட்டது, ஆகவே நரம்பு சரியாகிவிட்டது என்று முடிவு கட்டியிருக்கிறார்.

ராயபுரத்துக்கு அருகிலேயே, ஸ்டான்லி அரசு மருத்துவமனையில், கைக்காயங்களுக்கென்று தனிப்பிரிவு ஒன்றைப் பேராசிரியர் ஆர். வெங்கடசாமி 1971-இல் தொடங்கினார். இந்தியாவில் கை அறுவை மருத்துவம் தனித்துறையாக வளர்ந்த கதையில் அது முக்கியமான இடம். அப்படிப்பட்ட பிரிவு வடசென்னையில் வளர்ந்ததில் வியப்பில்லை. ஆலைகளும் பட்டறைகளும் துறைமுகமும் நிறைந்த பகுதி இது. இங்கே உங்களில் பலர் வீட்டில் ஒருவராவது கையால் உழைப்பவர். அந்தக் கையைப் பற்றிய சொற்கள் தேர்வுத் தாளோடு முடிந்துபோகிறவை அல்ல.

இதற்கெல்லாம் நேரம் ஏது, பாடத்திட்டத்தை யார் முடிப்பது என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். மருத்துவக் கல்லூரிக்குப் போனால் எப்படியும் ஆங்கிலச் சொல்தானே என்றார் இன்னொருவர். தீனார் என்ற சொல்லை ஒழிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இருக்கட்டும். முதலில் மேட்டைத் தொடட்டும், பெருவிரல் மேடு, சுண்டுவிரல் மேடு என்று வாயாரச் சொல்லட்டும், பிறகு தீனார், ஹைபோதீனார் என்று எழுதட்டும். இதற்குப் பிடிப்பது மூன்று நிமிடம். மருத்துவக் கல்லூரிக்குப் போகாத பெரும்பான்மையோருக்கு அந்த மூன்று நிமிடமே கிடைக்கப்போகும் உடற்கூற்றியல்.

நண்பரின் கை முழுக்கக் குணமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பயிற்சியை மறுபடி தொடங்கினார். சட்டைப் பொத்தானை இப்போது அவரே போட்டுக்கொள்கிறார். சிறு திருகாணியைப் பிடிக்க இன்னும் தடுமாறுகிறார். இடையில் வீணான வாரங்கள் எவ்வளவைக் கெடுத்தன என்று அவர் என்னைக் கேட்டார். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். வீட்டிலோ தெருவிலோ கையால் வேலை செய்யும் பெரியவர்களிடம், வலை பின்னுகிறவர், தையற்காரர், கொத்தனார், லேத்துக்காரர் யாராக இருந்தாலும் சரி, பெருவிரலுக்குக் கீழுள்ள அந்த மேட்டை அவர்கள் என்ன பெயரிட்டு அழைக்கிறார்கள் என்று கேளுங்கள். சுக்கிர மேடு தவிர வேறு பெயர் கிடைத்தால், ஊர்ப்பெயரும் தொழிலும் குறித்து ஆசிரியர் முகவரிக்கு ஒரு கார்டு எழுதிப் போடுங்கள்.